நீல ட்ரம்மில் குடியிருந்த ராட்சசன்

கொரோனா வந்து போன பிறகு, முகத்துவாரக்குப்பத்தில் ஒரு பெண் "நான் வைரஸ் தேடுகிறேன்" என்று சொல்லிக்கொண்டு திரிவது, பட்டாசுக் கடைக்குள் பீடி பற்றவைப்பதற்குச் சமம். தெரிந்தேதான் சொல்லித் திரிந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆராய்ச்சி மாணவி என்றால் "கல்யாணம் எப்போ?" என்று நெருங்கி வருகிறவர்கள், வைரஸ் என்றதும் நகர்ந்துவிடுவார்கள். அந்த வசதியை ரொம்ப நாள் அனுபவித்தேன்.

நான் தேடியது ராட்சச வைரஸ்களை. சாதாரண வைரஸ், கல்லூரி நுண்ணோக்கியில் கண்ணுக்கே அகப்படாது. இவை பாக்டீரியா அளவுக்கு வளர்ந்த தடியன்கள், நன்றாகவே தெரியும். மனிதரையும் மீனையும் சீண்டாது. தண்ணீரில் திரியும் அமீபாவுக்குள் புகுந்து, பெருகி, அதை வெடிக்கவைத்து வெளியே வரும், அவ்வளவுதான். இவ்வளவு பெரிய உருப்படிகள் நெடுங்காலம் யார் கையிலும் சிக்காததற்குக் காரணம், வைரஸ் தேடியவர்களின் அதிபுத்திசாலித்தனம். வைரஸ் என்றால் பொடிசாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, தண்ணீரை நுண்ணிய வடிகட்டியில் வடித்து, கீழே இறங்கியதை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மேலே தங்கிய பெரியவர்கள் குப்பைக்குப் போனார்கள். பாயசத்தை வடிகட்டி முந்திரியைக் கொட்டிய கதைதான்.

என் வழிகாட்டிப் பேராசிரியர் தென்சென்னைக்காரர். முதல்முறை எண்ணூர் வந்தபோது கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எங்கள் ஆறு கடலில் சேரும் இடத்தைப் பார்த்து, "அமீபாவுக்கு இதைவிடச் சொர்க்கம் கிடையாதும்மா" என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நான் பிறந்து வளர்ந்த இடம் அது. ஆனால் அவர் சொன்னது தப்பில்லை. அனல்மின் நிலையத்து வெந்நீர், சாம்பல் சேறு, ஊர்க் கழிவு, கடல் ஏற்றம் எல்லாம் அங்கேதான் வந்து சேர்கின்றன. அங்கேயே தேடுவதென்று முடிவாயிற்று.

தேடும் முறையைக் கேட்டால் ஆராய்ச்சி மேலிருக்கும் மரியாதை போய்விடும். தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, நாலு அரிசி போட்டு, இருட்டில் வைத்துவிட வேண்டும். அரிசியில் பாக்டீரியா பெருகும், அதைத் தின்ன அமீபா பெருகும், அமீபாவுக்குள் நம் ஆள் பெருகுவார். பிறகு அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்த அமீபாவின் மேல் விட்டுப் பார்க்க வேண்டும். பொங்கல் விடுமுறையில் ஆய்வகத்தைப் பூட்டிவிட்டார்கள். இருட்டுக்கு எங்கே போவது? எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் தாராளமாக இருந்தது. இடத்துக்கு ஒரு நிறமாக மூடி போட்டு அங்கே வரிசையாக வைத்தேன். முகத்துவாரத்துத் தண்ணீருக்கு நீல மூடி.

அம்மா திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். கட்டிலடியில் குனிந்து பார்த்தாள்.

"இன்னாடி இது, கிருமிக்கு சோறு போட்டு வளக்குறியா?"

"ஆமா."

"என்னிக்காவது எனக்கு ஒரு வாய் ஆக்கிப் போட்டுகீறியா நீ?"

பாட்டில்களைத் தொடக்கூடாது என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

பொங்கல் முடிந்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். மற்ற மூடிகள் வழக்கம்போலக் கையை விரித்தன. நீல மூடியில் அமீபாக்கள் வெடித்துக் கிடந்தன. சாயம் ஏற்றிப் பார்த்தால், கசகசாவைக் கொட்டியதுபோலப் புள்ளி புள்ளியாகத் தடியன்கள். பெரிய எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்ததும் சந்தேகம் தீர்ந்தது. உதவித்தொகை முடியப்போகிற நேரத்தில் வந்த அதிர்ஷ்டம் அது. கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பேராசிரியரும் மனிதர்தானே, சந்தோஷத்தில் யாரோ நிருபரிடம் சொல்லிவிட்டார். எண்ணூர் ஆற்றில் ராட்சச வைரஸ் என்ற சேதி செல்போன் செல்போனாகத் தாவியது. எங்கள் தெருவுக்கு வந்து சேர்வதற்குள் அதற்குக் கொம்பும் பல்லும் முளைத்துவிட்டன. மறுநாள் குப்பத்துப் பெண்கள் கொண்டுபோன மடவையும் இறாலும் நண்டும் மார்க்கெட்டில் அப்படியே கிடந்தன. அம்மா முழுக் கூடையோடு திரும்பி வந்தாள். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று கத்தினாள்.

"ஒம் பொண்ணு படிச்சிகினு வந்து ஊருக்கே உலை வெச்சிட்டாக்கா!"

அம்மா கூடையை இறக்கி, மீனை அலசப் போய்விட்டாள். என்னைத் திட்டவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் போட்டார்கள். எங்கள் குப்பத்தில் ஒரு வீட்டை ஒரு தலைக்கட்டு என்பார்கள், கூட்டத்தில் வீட்டுக்காக ஆம்பளைதான் பேச வேண்டும். அப்பா போன பிறகு எங்கள் தலைக்கட்டுக்கு அம்மாவே ஆம்பளை. நான் அவள் பின்னால் நின்று, அமீபா, அரிசி, தடியன் எல்லாவற்றையும் விளக்கினேன். பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சியில்கூட அவ்வளவு கேவலமாக நான் விளக்கியதில்லை.

"மீனுக்கு ஒண்ணும் ஆவாதுன்ற. சரி. அத்த யாரு நம்புவான்?" என்றார் தலைவர். "நீ மறுபடி தண்ணி எடுத்துப் பாத்தியா?"

"பார்த்தேன்."

"இப்பவும் அது கீதா?"

அதுதான் சிக்கல். அதே இடத்தில் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தும் எதுவுமே வரவில்லை. ஏன் வரவில்லை என்று எனக்கே தெரியவில்லை. கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. இல்லாத ஒன்றைச் சொல்லிப் பிழைப்பைக் கெடுத்தாள் என்று ஒருவர் எழுந்தார். ஆற்றில் எதுவும் இல்லை என்று நான் எழுதிக் கொடுக்கும்வரை எந்தப் படகும் அம்மாவுக்கு மீன் போடக்கூடாது என்று இன்னொருவர் சொன்னார். பல தலைகள் ஆடின. மீன் போடவில்லை என்றால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. கண்டதை இல்லை என்று எழுதினால் என் படிப்பு எரிந்துவிடும்.

அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"எந்த பாட்டில்லடி கெடச்சது?"

"நீல மூடி."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

"அது ஆத்துத் தண்ணி இல்ல நைனா. என் வூட்டு ட்ரம்முத் தண்ணி."

அப்புறம்தான் கதை வெளியே வந்தது. பொங்கலன்று கட்டிலடியில் இருந்து கருவாட்டு மூட்டையை இழுத்திருக்கிறாள். நீல மூடிப் பாட்டில் சாய்ந்து தண்ணீர் முழுக்கக் கொட்டிவிட்டது. நான் கத்துவேன் என்று பயந்து, ட்ரம்மில் இருந்து தண்ணீர் மொண்டு நிரப்பியிருக்கிறாள். "அரிசியும் போச்சு. அதான் இவ போட்டா மாதிரியே ரேஷன் அரிசி நாலு போட்டு வெச்சேன். தண்ணி தண்ணிதானேன்னு நெனச்சேன்."

கோயில் வாசலே சிரித்தது. தலைவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆற்றுக்கும் வைரஸுக்கும் சம்பந்தமில்லை என்று அன்றைக்கே மைக்கில் சொல்லிவிட்டார்கள். குப்பத்தின் மீன் தப்பித்தது.

பின்கட்டில் நின்ற அந்த நீல ட்ரம் சாத்தாங்காட்டுப் பக்கம் பழைய சாமான் கடையில் வாங்கியது. முன்ஜென்மத்தில் எந்தக் கம்பெனியில் எதை அடைத்துவைத்திருந்தார்களோ! லாரித் தண்ணீர் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்பதால், அதை முழுக்கக் காலிசெய்து கழுவியதே கிடையாது. அடியில் படிந்திருந்த வழவழப்பைச் சுரண்டி எடுத்துப் போய்ப் பார்த்தேன். தடியன்கள் குடும்பத்தோடு இருந்தார்கள். மாதிரி எடுத்த இடம் எங்கள் வீட்டுப் பின்கட்டு என்று திருத்தச் சொன்னபோது, பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கிடைத்தது புதுசுதான், ஆராய்ச்சி பிழைத்துவிடும் என்றார்.

பிழைக்காமல் போனது அம்மாவின் கூடை. மீன் வாடாமல் இருக்க அவள் தெளிக்கிற தண்ணீர் அந்த ட்ரம்மில் இருந்து போவதுதான். அவளே ஊரறியச் சொல்லிவிட்டாள். பக்கத்துக் கூடைகள் காலியாக, வாடிக்கைக்காரர்கள் அவளைத் தாண்டிப் போனார்கள். வேறு தண்ணீர் கொண்டுபோயும் யாரும் நம்பவில்லை. விற்காத மீனை உப்புப் போட்டுக் காயவைத்தாள். ஊரைக் காப்பாற்றியவளை ஊர் தனியாக உட்காரவைத்திருந்தது.

ஒருநாள் ட்ரம் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். அம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் நின்று, "எல்லாரும் பாருங்க! இதுதான் அந்த ராட்சச வைரஸ் தண்ணி. தேடுனவளே குடிக்கிறேன்!" என்று கத்திவிட்டுக் கடகடவென்று குடித்தேன். கூட்டம் வாயைப் பிளந்தது. அம்மா மீன் கத்தியைப் போட்டுவிட்டுப் பாய்ந்து வந்து பாட்டிலைத் தட்டிவிட்டாள்.

"அறிவுகெட்டவளே, அது கொதிக்கவெக்காத தண்ணிடி! வயிறு பூடும்!"

"வைரஸ் ஒண்ணும் பண்ணாதும்மா!"

"வைரசு கெடக்குது! அந்த ட்ரம்ம எத்தினி வருசமா கழுவல, தெரியுமா ஒனக்கு?"

முதலில் சிரித்தது பூக்காரம்மா. பிறகு எல்லாரும். சிரித்துக்கொண்டே ஒருத்தர், "அந்த மடவ எப்புடி?" என்று கேட்டார். கூட்டம் கலைவதற்குள் கூடை காலி.

சாயங்காலம் அம்மா வீட்டுக்கு வந்தபோது நான் கழிப்பறைக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ராட்சச வைரஸ் நிரபராதி. அதோடு குடியிருந்த சில்லறைக் கிருமிகளின் வேலை. சொன்னேனா இல்லையா என்று திட்டிக்கொண்டே அம்மா கஞ்சிக்கு உலை வைத்தாள்.

"அந்த சனியன் புடிச்ச ட்ரம்ம நாளிக்கே கவுத்துக் கழுவுறேன்."

"கழுவாதம்மா. எனக்கு அது வேணும். அதுல இருந்துதான் நான் பாஸாகணும்."

சட்டென்று என்னைப் பார்த்தாள். பழைய சேலையைக் கிழித்து ட்ரம்மின் வாயைக் கட்டினாள். தண்ணீருக்கு வேறு ட்ரம் வாங்கிக்கொள்ளலாம் என்றாள். கஞ்சிக்கு அரிசி களைந்தவள், கையில் கொஞ்சம் அரிசியோடு ட்ரம் பக்கத்தில் போய் நின்றுகொண்டு கேட்டாள்:

"அதுக்கும் நாலு போடட்டாடி?"