பெயருக்கு நடுவில் ஒரு சாய்கோடு

போன வாரம் செராஸில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்குக்குப் போயிருந்தேன். முட்டிவலிதான், வேறொன்றுமில்லை. கவுண்டரில் இருந்த பெண் என் பெயரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆன்டி, உங்க பேர்ல ரெக்கார்டே இல்ல லா" என்றாள். மூன்று வருஷமாக அதே கவுண்டருக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறேன்.

"ஏ/பிக்கு நடுவுல சாய்கோடு போட்டியாம்மா? போட்டுப் பாரு."

போட்டாள். வந்துவிட்டேன். "எப்படி ஆன்டி உங்களுக்குத் தெரியும்?" என்று வாயைப் பிளந்தாள். பின்னால் ஏழு பேர் நின்றார்கள், சொல்ல நேரமில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

இந்த நாட்டில் நம் பெண்பிள்ளைகள் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் வருகிற ஏ/பி, மகள் என்பதற்கு மலாய்ச் சுருக்கம். ஆண்பிள்ளை என்றால் ஏ/எல். பிறந்ததும் ஒட்டிக்கொண்டு கடைசி வரை கூடவே வரும். அந்தத் துளிக் கோடு ஒரு மெஷினின் மூக்கை உடைத்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஸ்பிரிட் வாசனை வந்தாலே எனக்கு பிரிக்பீல்ட்ஸ் ஞாபகம்தான். என் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் வேலை, அங்கே குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எழுபதுகளில், இரண்டு தெரு தள்ளி இருந்த கிளினிக்கில் கூட்டித் துடைக்கச் சேர்ந்தேன். டாக்டரம்மா யாழ்ப்பாணத்துக் குடும்பம், கை சுத்தம், வாய் கொஞ்சம் காரம். ஒரே வருஷத்தில் நோயாளிகளின் கார்டு டிராயர் முழுக்க என் பொறுப்புக்கு வந்துவிட்டது. பெருமையாகத்தான் சொல்கிறேன். என் படிப்பு ரவாங் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. இங்கிலீஷ் எழுத்து எனக்குப் படிக்க வராது, பார்க்க வரும். எம் என்றால் இரட்டைக் கூரை வீடு, எஸ் என்றால் பாம்பு. மற்றபடி ஆளின் முகம்தான் எனக்குக் கார்டு. அவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் கார்டு டாக்டரம்மா மேசையில் இருக்கும். பூச்சி வராமலிருக்க டிராயரில் அந்துருண்டை போடுவேன். என் சேலையிலும் அதே வாசனைதான். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், ஏதோ அலமாரியிலிருந்து நேராக இறங்கி வந்தவள் என்று நினைத்திருப்பார்கள்.

தொண்ணூறுகளில் டாக்டரம்மாவின் தம்பி மகள் கௌரி, கார்டையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன் என்று வந்தாள். நாற்பது வயது இருக்கும். கிள்ளானில் ஒரு கப்பல் சரக்கு ஆபீஸில் கம்ப்யூட்டர் வேலை. கையில் இரண்டு புரோகிராம் கொண்டு வந்திருந்தாள்.

"கடையில வாங்குனதாம்மா?"

"இல்லக்கா. எழுதுனவங்களே காசில்லாம குடுத்திருக்காங்க. உள்ள எப்படி எழுதியிருக்குன்னும் பாக்கலாம், பிரிச்சுத் திருத்திக்கலாம்."

"அப்படி யாரு லா குடுப்பா? எனக்கென்னமோ சந்தேகமா இருக்கு."

"எனக்கும் முதல்ல அப்படித்தான் இருந்துச்சு" என்று சிரித்தாள்.

ஒவ்வொரு புரோகிராமிலும் இரண்டு பகுதி உண்டாம். நாம் கேட்பதைப் பிரித்துப் புரிந்துகொள்கிற பகுதி ஒன்று. கார்டுகளைச் சேர்த்து வைக்கிற பகுதி ஒன்று. சேர்த்து வைக்கத் தனியாக வேறு மெஷின் வேண்டாம், புரோகிராமுக்குள்ளேயே அடங்கிவிடும் என்றாள். நான் அவற்றுக்கு வாய், வயிறு என்று பெயர் வைத்தேன். புரோகிராம்களுக்கு மூத்த மருமகள், இளைய மருமகள். கௌரியும் அப்படியே சொல்ல ஆரம்பித்துவிட்டாள்.

முதலில் வயிற்றைச் சோதித்தாள். கார்டு ஏறிக்கொண்டிருக்கும்போதே சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயோ, கெட்டுப்போகாதாம்மா?"

"கெட்டுப்போகுதான்னு பாக்கத்தான்க்கா."

திரும்பப் போட்டால், மூத்தவளிடம் கடைசியாக ஏற்றிய இரண்டு கார்டு காணோம். இளையவள் ஒன்றைக்கூடத் தொலைக்கவில்லை. அடுத்து வாய். "ஏதாவது ஒரு பேரு சொல்லுங்கக்கா" என்றாள். அஞ்சலை ஏ/பி முனியாண்டி என்றேன். மூத்தவள் பாதியிலேயே நின்று, இந்தக் கோடு என்னவென்று எனக்குப் புரியவில்லை, இந்த எழுத்துக்கு மேல் போகமாட்டேன் என்று அடம்பிடித்தாள். இளையவள் சண்டை போடவில்லை. நொடியில் பதில் சொன்னாள். அந்தப் பெயரில் யாரும் இல்லை.

கார்டை நான்தான் எடுத்துக் கொடுத்தேன், கௌரி ஏற்றினாள். எப்படி இல்லாமல் போகும்? அவள் புரோகிராமைப் பிரித்து அரைநாள் பார்த்தாள். "கோட்டுக்கு அப்புறம் இருக்கிறத இது சத்தமில்லாம தூக்கிப் போட்டுடுதுக்கா. 'அஞ்சலை ஏ'ன்னு யாரையோ தேடிட்டு வந்திருக்கு."

டாக்டரம்மாவுக்கு இளையவளைத்தான் பிடித்தது. "மற்றது எல்லாத்துக்கும் சண்டை பிடிக்குது. இது ஒண்டையும் தொலைக்கேல்ல, கெதியா, ஒரு நொடியில வேலை செய்யுது. கோடு போடாம அடியுங்கோ எண்டு சொன்னாச் சரி."

நான் தரை துடைக்கிற துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை.

"அது வேணாம் டாக்டரம்மா."

"ஏன் பிள்ளை?"

"தெரியாதத இல்லன்னு சொல்லுது. நானும் ஒரு தடவ அப்படிச் சொல்லியிருக்கேன்."

அஞ்சலை என்ற பெயர் என் வாயில் ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும். கார்டு டிராயர் என் கைக்கு வந்த புதிதில், கிள்ளானிலிருந்து பஸ் ஏறி காலில் புண்ணோடு வந்தவள் அவள். அதற்கு முன் ஒருமுறைதான் வந்திருந்தாள், எனக்கு முகம் பழக்கமில்லை. மருந்து கொடுத்து ஊசி போடுகிற டிரஸ்ஸர் செல்லையா அண்ணன், பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அவர் கையெழுத்தில் கூரையும் தெரியவில்லை, பாம்பும் தெரியவில்லை. எனக்குப் படிக்க வராது என்பது அப்போது அங்கே யாருக்கும் தெரியாது. டிராயரை இரண்டு தடவை இழுத்து மூடிவிட்டு, "கார்டு இல்லண்ணே" என்றேன். புதுக் கார்டு போட்டு ஊசியும் போட்டுவிட்டார். பிறகு டிராயரில் அகப்பட்ட பழைய கார்டில், இந்த மருந்து அவளுக்கு ஆகாது என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. முகம் வீங்கி, மூச்சு அடைத்துக்கொண்டு, பெரிய ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து பிழைத்தாள்.

டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் நிறுத்திக் கேட்டார். செல்லையா அண்ணன், "சீட்டு குடுத்தேன், இல்லைன்னாங்க" என்றார். நான், "எங்கிட்ட சீட்டே வரல" என்றேன். ஒரு பொய் போதாதென்று இரண்டாவது. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சொன்னது பொய் என்று அவர் சொல்லவில்லை. எனக்கு இரண்டு கைக்குழந்தைகள் இருப்பது அவருக்குத் தெரியும். அதனாலோ என்னமோ. மாதக் கடைசியில் வேலையை விட்டுவிட்டுக் கிள்ளான் பக்கம் போய்விட்டார். அந்தச் சீட்டு என் ரவிக்கைக்குள் நனைந்து கிழிந்துபோனது.

இதையெல்லாம் கௌரியை வைத்துக்கொண்டே சொன்னேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"செல்லையாவையெல்லோ நான் ஏசினனான்" என்றார். என்னைத் திட்டியிருந்தால் எனக்குத் தேவலாம்.

துணியை வாளியில் போட்டுவிட்டு நான்தான் கௌரியிடம் கேட்டேன். "மூத்தவ வாயையும் இளையவ வயித்தையும் சேத்துத் தைக்க முடியுமாம்மா?"

"தைக்கலாம்க்கா. எழுதுனது முழுசும் கையில இருக்கே."

ஒரு மாதம் ஆயிற்று. சாய்கோடு என்றால் என்னவென்று அந்த வாய்க்குச் சொல்லிக் கொடுத்தாள். பழைய கார்டுகளில் மகளுக்கு டி/ஓ, மகனுக்கு எஸ்/ஓ என்று இங்கிலீஷ் சுருக்கம் இருக்கும், அதையும் சொல்லிக் கொடுத்தாள். லெட்சுமியை ஐந்து விதமாக எழுதுகிற ஊர் நம்முடையது. அதற்கு மட்டும் கடைசி வரை என்னிடம்தான் வந்தாள். புரியாததைக் கேட்டால் மெஷின் புரியவில்லை என்று சொல்லும். நானும் சீட்டு புரியாவிட்டால், "படிச்சுச் சொல்லும்மா" என்று நர்ஸிடம் கேட்கப் பழகினேன். ஐம்பது வயதில் அது ஒன்றும் சுலபமில்லை.

கிளினிக்கில் வேலை பார்த்தவர்களுக்கும் கார்டு இருந்தது. செல்லையா அண்ணனுடையதைத் தேடச் சொன்னேன், உடனே வந்தது. அவர் போன பிறகு டாக்டரம்மா கையால் எழுதிய விலாசம், கிள்ளான் பக்கத்துப் பண்டமாரான். அந்த ஞாயிற்றுக்கிழமை, சீட்டை நான்தான் வாங்கினேன் என்று அவரிடம் சொல்ல பஸ் ஏறிப் போனேன். வீட்டு வரிசை இருந்த இடத்தில் வேலி போட்டு, கண்டெய்னர் லோரிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். கேட்டில் நம் ஆள் ஒருவர் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இங்க செல்லையான்னு ஒரு டிரஸ்ஸர் வீடு..."

"இல்லக்கா." தலையைத் தூக்கவில்லை.

"இல்லையா, இல்ல உங்களுக்குத் தெரியலையா?"

"ரெண்டும் ஒண்ணுதான லா அக்கா."

அவரிடம் என்ன விளக்குவது? பக்கத்தில் இரண்டு கடையில் விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தேன். அதற்குப் பிறகும் கிள்ளான் பக்கம் போகும்போதெல்லாம் விசாரித்தேன்.

டாக்டரம்மா போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. கிளினிக் இருந்த இடத்தில் ஹோட்டல் கட்டடம். கார்டுகளைப் பழைய பேப்பர் லோரிக்காரர் அள்ளிக்கொண்டு போனார். எங்கள் குவார்ட்டர்ஸும் இல்லை. இதையெல்லாம் இல்லை என்று தாராளமாகச் சொல்லுவேன். செல்லையா அண்ணனைக் கேட்டால் மட்டும், எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை என்பேன்.