பூச்சியம் வரட்டும், அப்புறம் கழற்றலாம்

சேர்வர் பார்க்கிற தொழிலில் புதுசு பூட்டுகிற அன்றைக்குக் கேக் சாப்பிட ஆபீசே திரண்டு வரும். பழசைக் கழற்றுகிற அன்றைக்கு ஒரு ஈ காக்கா இருக்காது. இதே பிழைப்பில் கிடந்து அல்லாடுகிறவர்களே, உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேண்டும்?

பதுளையில் எங்கள் ஆபீஸ், தோட்டத்து கிளினிக்குகளின் கம்ப்யூட்டர்களைப் பார்க்கிறது. மிட்வைஃப் மிஸ்மார் பதிகிற விபரமெல்லாம் முதலில் எங்கள் நாலு கேஷ் சேர்வர்களில், அதாவது இடைத்தங்கல் சேர்வர்களில், தங்கும். லைன் நன்றாக இருக்கும்போது மெல்ல மெல்லக் கொழும்பில் இருக்கிற பெரிய ஸ்டோரேஜுக்குப் போய்ச் சேரும். அங்கே சேர்ந்தால்தான் ஆஸ்பத்திரியில் பார்க்கலாம். அந்த நாலில் ஒரு கிழட்டு சேர்வரை டிஸ்க்கோடு கழற்றச் சொல்லி உத்தரவு. வேலை எனக்கும் செல்வராணிக்கும்.

காலைப் பெரட்டு

செல்வராணி அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். எனக்குப் பிறகு வேலைக்கு வந்தவள். கழற்றுகிற அன்று கொப்பியும் பேனாவுமாக உட்கார்ந்து, தோட்டத்துப் பெரட்டில் காலையில் பேர் கூப்பிடுகிற மாதிரி நாலு சேர்வரையும் விசாரித்தாள். உயிரோடு இருக்கிறதா, கையில் எவ்வளவு வேலை, இன்னும் எவ்வளவு இடம்? எனக்கானால் எரிச்சல். கழற்றப்போவது ஒன்றை, மற்ற மூன்றுக்கும் எதற்கு இந்த உபசாரம்?

பார்த்தால் மூன்றாவதன் டிஸ்க் கழுத்துவரை நிறைந்து கிடக்கிறது! அப்படியே கழற்றியிருந்தால் கிழவனின் சுமையும் சேர்ந்து அதுவும் படுத்திருக்கும். அடேயப்பா என்று வாயைப் பிளந்தேன். அவள் கொப்பியை விட்டுத் தலை நிமிரவில்லை: "ஒருத்தர நிப்பாட்டுறதுன்னா, மிச்ச ஆளுங்க தாங்குவாங்களான்னு மொதல்ல பாக்கணும்ல அண்ணே." மூன்றாவதில் இடம் பண்ணிவிட்டுத்தான் கிழவனிடம் வந்தோம்.

என் கெட்டிக்காரத்தனம்

அவள் தேத்தண்ணி எடுக்கப் போன நேரம் நான் சும்மா இருந்திருக்கலாம். வேலையில் இருக்கிற சேர்வர்களின் பட்டியலிலிருந்து கிழவனின் பேரை எடுத்துவிட்டால் ஜோலி முடிந்தது என்று கட்டளையைத் தட்டி வைத்தேன். எண்டர் மட்டும்தான் பாக்கி. கோப்பையோடு வந்தவள் திரையைப் பார்த்ததும் கட்டளையை அழித்தாள். கிழவனிடம் கொழும்புக்குப் போகாத பதிவுகள் கிடக்கின்றன. பேர் போய்விட்டால் அவற்றைக் கேட்டு வாங்க நாதி இல்லை.

புது வேலை கொடுப்பதை நிறுத்து, கையிலிருப்பதைக் கொழும்புக்கு இறக்கவிடு, பாக்கி பூச்சியம் ஆனபின் டிஸ்க், பிறகு சேர்வர், கடைசியில்தான் பேர். இந்த வரிசை எனக்குத் தெரியாததா? அவசர புத்தி, வேறென்ன. நானும் தோட்டத்தில் பிறந்தவன் என்பதால் அவள் கேட்டது சுருக்கென்று தைத்தது: "பறிச்ச கொழுந்த நிறுக்காமயே சம்பள செக்ரோல்ல பேர வெட்டுவாங்களா? நீங்க எந்தத் தோட்டத்துக் கங்காணிண்ணே?"

மிச்சம் ஒன்று

வரிசைப்படி தொடங்கினோம். கொழும்புக்குப் போகவேண்டிய பதிவுகளின் எண்ணிக்கை மளமளவென்று இறங்கி, மத்தியானத்தில் ஒரே ஒரு பதிவு மிச்சம் என்று வந்து நின்றது. ஒரு மணித்தியாலம் ஆகியும் அசையவில்லை. யாழ்ப்பாணத்துக்காரரான எங்கள் மேலதிகாரி போனில், "ஒண்டுதானே, விட்டிட்டுக் கழட்டுங்கோ" என்றார். எனக்கு அது தேவவாக்கு. டிஸ்க்கில் கை வைத்தேன். செல்வராணி என் கையைத் தட்டிவிட்டு, "அந்த ஒண்ணு என்னன்னு பாத்துட்டுக் கழட்டுறோம் சேர்" என்று போனை வைத்தாள். மேலதிகாரிக்கே அப்படிச் சொல்ல எனக்குத் துணிச்சல் வராது.

டிஸ்க்கில் பழுதான இடத்தில் அந்தப் பதிவு மாட்டியிருந்தது. ஹாலிஎல பக்கத்து கிளினிக்கின் பேரும் நேரமும்தான் தெரிந்தன. செல்வராணி அங்கிருந்த மிட்வைஃப் மிஸ்ஸைப் போனில் கூப்பிட்டு, அந்த நேரத்தில் என்ன பதிந்தீர்கள் என்று கேட்டாள். நிறைமாதத் தாய் ஒருத்தி. பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று பதிந்திருக்கிறார். வலி கண்டு, அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பியும் ஆயிற்று! மிஸ் உடனே வார்டுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிட்டு, இன்னொரு சேர்வர் வழியாகத் திரும்பப் பதிந்தார். அது கொழும்பு போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் செல்வராணி பழைய பதிவை நீக்கினாள். பூச்சியம். கழற்றினோம்.

மறுநாள் மிஸ்ஸே செல்வராணிக்குப் போன் எடுத்தார்: "தாயும் புள்ளையும் சொகமா இருக்காங்க. நான் போன் பண்ணின நேரம், வார்டுல பென்சிலின் ஊசிய கையில எடுத்துட்டாங்களாம்."

இத்தனை வருஷ உத்தியோகத்தில் நான் செய்த ஒரே உருப்படியான காரியம், அன்றைக்குச் செல்வராணி என்னைச் செய்யவிடாத காரியம்தான்.