முகிலன், உழவர்கரை

"ஓடிப்போனாளா? யாருகூடடி ஓடிப்போனா? நீ பக்கத்துல நின்னு வழியனுப்பி வச்சியா?"

சந்திரகலா போட்ட சத்தத்தில் பால் பாக்கெட் வாங்க வந்தவர்கள்கூட நின்றுவிட்டார்கள். எதிர்வீட்டு துர்கா ஒன்றுமே சொல்லாதவள் மாதிரி முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள்.

"ஊரு சொன்னத நானும் சொன்னேன். எனக்கு இன்னா வந்துச்சி? அந்த முகிலன்கூடத்தான போனா. ரேடியோவுல அவன் பேர எப்படிக் கொஞ்சுவா, நாமல்லாம் கேக்கலியா?"

நடந்தது இதுதான். வானொலியில் இருபத்தைந்து வருஷம் பேசிய தனக்கொடி போன வெள்ளிக்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், எழுந்திருக்கவில்லை. அவள் குரலைக் கேட்டுக்கொண்டே சோறு தின்று பழகிய நேயர் வட்டத்துக்காரர்கள் ஊரெல்லாம் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டினார்கள். அவள் வாழ்ந்த தெருவில் இல்லாமலா என்று ஆட்டோ ஓட்டும் இளஞ்செழியன் ஒரு பேனரைச் சுருட்டிக்கொண்டு காலையில் உழவர்கரைக்கு வந்தான். மின்கம்பத்தில் ஒரு பக்கக் கயிறு கட்டியாகிவிட்டது. அடுத்த பக்கம் கட்டுவதற்குள் கலியபெருமாள் வெளியே வந்தான். தனக்கொடியின் புருஷன். சந்திரகலாவுக்குக் கூடப்பிறந்த அண்ணன்.

"அவுருடா அத. என் வாசலுக்கு எதிர்ல அவ மூஞ்சி வேணாம்."

"சார், செத்துப்போனவங்க சார்."

"எனக்கு அவ செத்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சி. அவுரு."

அந்த நேரத்தில்தான் துர்கா உள்ளே புகுந்தாள். புகுந்து, ஓடிப்போனவளுக்கு பேனர் ஒரு கேடா என்று ஒரு வார்த்தை விட்டாள். சந்திரகலாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. இத்தனை வருஷம் பொறுத்ததே அதிகம். புருஷன் வேண்டாமென்று அனுப்பிவிட்டதிலிருந்து அண்ணன் வீட்டில் கிடப்பவள் அவள். அண்ணன் போடுகிற சோறு, அண்ணன் வீட்டுக் கூரை. ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னால் இரண்டும் போய்விடும் என்று தெரிந்து வாயைப் பொத்திக்கொண்டிருந்தவள். பொத்திய வாய் எத்தனை நாளைக்குத் தாங்கும்?

"அந்த முகிலன் நான்தான்டி," என்றாள்.

துர்கா சிரித்தாள். "இன்னாடி கலா, காலையிலயே புத்தி பெரண்டு போச்சா?"

"நல்லாத்தான் இருக்குது. நின்னு கேளு. பால் கெட்டாக் கெட்டுட்டுப் போவுது, நில்லு. ண்ணா, நீயும் உள்ள போவாத."

தனக்கொடி எங்கிருந்தோ வந்த சீமாட்டி இல்லை. அவள் அப்பா சின்னக்கண்ணு பெரிய மார்க்கெட்டில் வாழை இலை விற்றவர். பள்ளிக்கூடம் விட்டால் பெண் நேரே அங்கே போய்விடுவாள். அப்பாவுக்கு ஆஸ்துமா, கூவ முடியாது. இவள்தான் கூவுவாள். மீன் பக்கத்துச் சத்தம், பூக்காரிகள் சண்டை, மூட்டை தூக்குகிறவர்கள் ஓரம் ஓரம் என்று கத்துவது, இத்தனைக்கும் நடுவில் அவள் குரல் மட்டும் தனியாகக் கேட்குமாம். கத்த மாட்டாள். எதிரில் நிற்கிற ஒருத்தரிடம் சொல்வதுபோலத்தான் சொல்வாள், அது பத்துக் கடை தாண்டிப் போகும். அந்தக் குரல்தான் அவளை வானொலிக்குக் கொண்டுபோனது. குரல் தேர்வில் பாஸ் ஆனாள். மாதத்தில் ஆறு நாள் வேலை, நிரந்தரம் எல்லாம் இல்லை.

முதல் நாளே ஒரு அதிகாரி சொல்லியிருக்கிறார், தனக்கொடி என்றால் பழைய பெயராக இருக்கிறது, மைக்குக்கு அழகாக ஒரு பெயர் வைத்துக்கொள் என்று. "எங்க ஆயா பேரு சார். இந்தப் பேருதான் சொல்லுவேன். வேணாம்னா எலை விக்கப் போறேன்," என்றாளாம். அவ்வளவு திமிர். அந்தத் திமிர் இருந்தவளைத்தான் இந்தத் தெரு கண்டவன் கையைப் பிடித்துக்கொண்டு போனாள் என்று சொன்னது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு நேயர் விருப்பம். மற்றவர்கள் பாட்டுக்கு முன்னால் நாலு பெயரைப் படித்துவிட்டு 'மற்றும் பலர்' என்று முடித்துவிடுவார்கள். தனக்கொடி அந்த வார்த்தையை ஒரு நாளும் சொன்னதில்லை. கனகசெட்டிக்குளத்திலிருந்து வலை பின்னுகிறவர் போட்ட கார்டோ, பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற சொல்தா தாத்தா போட்ட கார்டோ, எல்லாப் பெயரும் வரும். பாட்டு குறைந்தாலும் குறையும், பெயர் குறையாது. "அந்தப் பேரு வரும்னு வேல வெட்டிய உட்டுட்டு ஒக்காந்திருப்பாங்க கலா. பலர்னு சொன்னா அவங்க மூஞ்சி இன்னாத்துக்கு ஆவும்?" என்பாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கார்டுகளை முன்கூட்டிப் படிக்க மாட்டாள். மைக்குக்கு முன்னால்தான் முதல் தடவையாகப் படிப்பாள். முன்னாடியே படித்தால் ருசி பார்த்துவிட்டுப் பரிமாறுகிற மாதிரி ஆகிவிடும், எனக்கும் புதுசாக இருக்க வேண்டும் என்பாள். அந்தப் பழக்கம்தான் குடி கெடுத்தது.

சந்திரகலா திரும்பி வந்த புதிது. வாழாமல் வந்தவள் வாசலில் நின்றால் குற்றம், கண்ணாடி பார்த்தால் குற்றம், பொட்டு கொஞ்சம் பெரிதாக வைத்தால் அதைவிடக் குற்றம். அந்த வீட்டில் அவளை மனுஷியாக நினைத்தது அண்ணி ஒருத்திதான். அவளுக்கும் ஒரு பாட்டுக் கேட்க வேண்டும், அவள் பெயரும் ரேடியோவில் வர வேண்டும் என்று ஆசை. ஆனால் 'சந்திரகலா, உழவர்கரை' என்று காதல் பாட்டுக்கு முன்னால் வந்தால் இந்தத் தெரு என்ன பேசும்? இதோ இந்த துர்கா என்ன பேசுவாள்? அதனால் ஆம்பிளைப் பெயராகத் தேடினாள். ரேஷன் கடைக்கு எதிரில் முகிலன் சைக்கிள் மார்ட் என்று போர்டு தொங்கியது. அந்தப் பெயரை எடுத்துக்கொண்டாள். சைக்கிள் கடைக்காரருக்கே அந்தப் பெயர் இல்லை, அது அவர் பேரனுடையது.

முதல் கார்டிலேயே தனக்கொடிக்குத் தெரிந்துவிட்டது. மளிகைச் சிட்டை தினம் எழுதுகிற கை, அண்ணிக்குத் தெரியாமல் போகுமா? அன்று சாயந்தரம் வந்து, "இன்னா முகிலன் சார், பாட்டு புடிச்சிதா?" என்று காதோடு கேட்டாள். சமையல்கட்டில் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதற்கப்புறம் வாரம் தவறாமல் ஒரு கார்டு. அந்தப் பெயரைப் படிக்கும்போது தனக்கொடியின் குரலில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொள்ளும். மறைக்கத் தெரியவில்லை. தெருவே கேட்டது அந்தச் சிரிப்பை. கேட்டவர்கள் எல்லாம் அவரவர் மனசில் இருந்த அழுக்கை அதன்மேல் பூசினார்கள்.

"நான் இன்னாடி கண்டேன் அப்ப," என்றாள் துர்கா. குரல் இறங்கியிருந்தது.

"ஒண்ணும் காணல இல்ல? அப்ப வாய மூடினு இருந்திருக்கணும்."

ஒரு சனிக்கிழமை டூட்டி முடிந்து வர நேரமாகிவிட்டது. மழை, பஸ் இல்லை. கலியபெருமாள் வாசலிலேயே கையை ஓங்கினான். ஓங்கியதோடு விடவில்லை. மறுநாள் வீங்கிய கன்னத்தோடுதான் தனக்கொடி மைக் முன்னால் உட்கார்ந்தாள். யாருக்கும் தெரியவில்லை. சந்திரகலாவுக்குத் தெரிந்தது, ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் எச்சில் விழுங்குவது கேட்டது. வீட்டில் ஆறுதல் சொல்ல வழியில்லை, அண்ணன் உட்கார்ந்திருந்தான். கார்டு எடுத்து எழுதினாள். பாட்டின் பெயரைப் போட்டு, கீழே: 'போன வாரம் உங்கள் குரல் கம்மியிருந்தது. நீங்கள் அழுதிருக்கிறீர்கள். நீங்கள் அழுதால் எனக்குச் சோறு இறங்கவில்லை.'

படித்துவிட்டுக் கிழித்துப் போடுவாள் என்று நினைத்தாள் பைத்தியக்காரி. அண்ணி மைக் முன்னால்தான் முதல்முதலாகப் படிப்பாள் என்பது தெரிந்தும், எழுதுகிற ஆத்திரத்தில் அது நினைவுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை இரண்டு இருபதுக்கு அந்த மூன்று வரியும் அப்படியே காற்றில் போயின. படித்து முடித்த பிறகுதான் என்ன படித்தோம் என்று தனக்கொடிக்கு உறைத்திருக்கிறது. அப்புறம் மெதுவாக, "கவலைப்படாதீங்க முகிலன், இப்ப நல்லாருக்கேன்," என்றாள்.

போதாதா? திங்கட்கிழமை லேத் பட்டறையில் கலியபெருமாள் உள்ளே நுழைந்ததுமே ஒருத்தன் ஆரம்பித்தான், "சாப்புட்டியா பெருமாளு? முகிலனுக்கு சோறு எறங்கலியாமே!" வாரம் முழுக்க அதே பாட்டு. ஊருக்குள் நாலு முகிலன்களைக் கண்டுபிடித்தார்கள். பாவம், அதில் ஒருவன் பத்தாவது படிக்கிற பையன்.

கலியபெருமாள் அதுவரை கம்பத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். இப்போது அவன் முகம் சாம்பலாகியிருந்தது. சாம்பலானால் ஆகட்டும்.

"இருபத்திரண்டு வருஷம்," என்றான். "என் வீட்டுச் சோத்தத் தின்னுகினு, ஒரு வார்த்த சொல்லல நீ."

"சோறுதான்ணா. அந்தச் சோத்துக்காகத்தான் சொல்லல. சொல்லியிருந்தா அன்னிக்கே என்ன தொரத்தியிருப்ப."

"இப்ப மட்டும் உள்ள வெச்சுப்பேன்னு நெனச்சியா?"

"வெக்க மாட்ட. தெரிஞ்சிதான் பேசறேன்." அவள் பேனர்காரன் பக்கம் திரும்பினாள். "தம்பி இளஞ்செழியா, நீ இன்னாத்துக்கு நிக்கிற? அந்தப் பக்கம் கட்டு."

இளஞ்செழியன் கலியபெருமாளைப் பார்த்தான், சந்திரகலாவைப் பார்த்தான், அடுத்த கம்பத்தில் ஏறிவிட்டான். அவனுக்கு அது போதும்.

வீட்டை விட்டுப் போன பிறகு தனக்கொடி முத்தியால்பேட்டையில் முகிலனோடு குடித்தனம் என்றார்களே, அங்கே இருந்தது ஒரு அறை, ஒரு பாய், ஒரு ஸ்டவ். வந்து போனவர்கள் யார் என்று வீட்டுக்காரம்மாளைக் கேட்டால் சொல்லும். ஒருத்தரும் இல்லை. ஒரே ஒரு முறை பெரிய மார்க்கெட்டில் பூ வாங்கும்போது சந்திரகலா அவளை நேருக்கு நேர் பார்த்தாள். தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. "இன்னா முகிலன் சார், கார்டே வர்றதில்லயே?" என்று சிரித்தாள் தனக்கொடி. கோபமில்லை, வஞ்சனையில்லை, நிஜமாகவே கேட்டாள். சந்திரகலா பூவைக்கூட வாங்காமல் கூட்டத்துக்குள் புகுந்து ஓடி வந்துவிட்டாள். ஓடிப்போனவள் என்று யாரையாவது சொல்ல வேண்டுமென்றால் அவளைச் சொல்லுங்கள்.

அந்தக் கார்டு படித்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு, அவள் வீட்டை விட்டுப் போன நாளுக்கு வருவோம். வாரம் முழுக்க யார் அவன், யார் அவன் என்ற ஒரே கேள்வி. தனக்கொடி சொன்னது ஒரே பதில், "ஒரு நேயர்." பதினொன்றரை மணிக்குக் குளித்து, நீலப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். கலியபெருமாள் கதவின் குறுக்கே நின்றான்.

"அவன் பேரு, ஊரு சொல்லு. இல்ல, இனிமே ரேடியோ பக்கம் போவ மாட்டேன்னு சாமி படத்துல அடிச்சி சத்தியம் பண்ணு. ரெண்டுல ஒண்ணு."

"ரெண்டும் முடியாது. நவுரு, நேரமாவுது."

"படி தாண்டினா திரும்ப வரக்கூடாது."

"சரி."

சரி என்றாள், அவ்வளவுதான். அழவில்லை. உள்ளே போய் மாற்றுப் புடவை இரண்டை ஒயர் கூடையில் வைத்துக்கொண்டு வந்தாள். கலியபெருமாளுக்கே அது எதிர்பாராதது. ஆத்திரத்தில் சந்திரகலா பக்கம் திரும்பினான். "கலா, நீ ஒரே வூட்டுல கெடக்கிற இல்ல? ஒனக்குத் தெரியாம இருக்காது. யாரு அவன்? சொல்லு!"

சந்திரகலா சமையல்கட்டு வாசலில் நின்றாள். வாயைத் திறந்தாள். நிஜமாகவே திறந்தாள், அது மட்டும் பொய்யில்லை. நான்தான் என்ற வார்த்தை பல் வரைக்கும் வந்தது.

தனக்கொடி அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ஒன்றும் நடக்காததுபோல், பத்துக் கடை தாண்டிப் போகிற அந்தக் குரலில் சொன்னாள்:

"கலா, கஞ்சி பொங்குது பாரு. உள்ள போ."

சந்திரகலா உள்ளே போனாள். அடுப்பு அணைந்து கிடந்தது. சோறு வடித்து அரைமணி ஆகியிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் வாசலில் செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது, அப்புறம் கேட் சத்தம்.