சலவைக்கடை வாசல் ஸ்டேஷன்

எனக்கும் ரயிலுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. நான் பூகோள வாத்தியார். பள்ளி ரயில் மன்றத்துக்குப் பொறுப்பாசிரியராக வேறு எவரும் வரமாட்டேன் என்றதால் அதை என் தலையில் கட்டினார்கள். மிசோகுச்சி சதாயே அம்மாளை நான் அறிந்தது அப்படித்தான். இல்லாவிட்டால், எங்கள் ஊர் தோயாமா ஸ்டேஷனுக்குப் பின்னால் பதினான்கு வருஷமாக ஊரார் சட்டைக் காலரைத் தேய்க்கும் சலவைக்கடை வேலைக்காரி என்பதோடு நின்றிருக்கும்.

புருஷன் எப்போதோ விட்டுப் போனவர். ஒரே பிள்ளை யசுநோரி எங்கள் மன்றத்தில் இருந்தான். நவம்பரில் வரும் பள்ளிக் கலைவிழாவுக்காகப் பையன்கள் ஆளுக்கொரு பலகையில் தண்டவாளம் போட்டு, கற்பனையாக ஒரு ஸ்டேஷன் கட்டுவார்கள். பலகைகளை வட்டமாகச் சேர்த்தால் குட்டி ரயில் சுற்றிச் சுற்றி ஓடும். யசுநோரி தன் ஸ்டேஷனுக்குச் 'சலவைக்கடை வாசல்' என்று பெயர் வைத்தான்.

"டேய், அங்க இறங்குறவன் எல்லாம் அழுக்குத் துணியோடதான் இறங்குவானா?" என்று ஒருவன் கிண்டல் செய்தான்.

"உன் துணிக்குன்னா தனி ரயிலே விடணும்டா" என்றான் யசுநோரி.

ஜூன் மாதம் வகுப்பில் மயங்கி விழுந்தான். ரத்தப் புற்றுநோய். டாக்டர் அம்மாவிடம் மட்டும் சொன்னார். 1984இல் அப்படித்தான், நோயாளியிடம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "ரத்தம் கம்மியாம்டா, ஈரல் தின்னா சரியாயிடும்" என்று மகனிடம் சொல்லிவிட்டார் சதாயே அம்மாள். அவனும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஈரலைத் தின்றான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்தே பலகையை முடித்தான். செப்டம்பரில் போய்விட்டான். பதினேழு வயது.

அக்டோபரில் அந்த அம்மாள் பலகையை, கடையில் கோட்டுக்குப் போடும் பிளாஸ்டிக் உறையில் சுற்றிக்கொண்டு வந்தார்.

"இதுவும் ஓடட்டும் சார்."

அதன்பிறகு தினமும் வேலை முடிந்ததும் வந்துவிடுவார். புல்லுக்காக மரத்தூளில் பச்சைச் சாயம் ஏற்றுவது அவர் வேலை. "முதலாளி கத்துறார் சார். பேங்க் மேனேஜர் காலர்ல புல்லு முளைச்சிருச்சாம்" என்று பச்சை விரல்களைக் காட்டிச் சிரித்தார். பிள்ளை போனபின் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அன்றைக்கே யசுநோரியின் ஸ்டேஷன் பெயர்ப்பலகையை எனக்குக் காட்டினார். நடுவில் ஸ்டேஷன் பெயர் இருந்தது. ஜப்பான் ஸ்டேஷன்களில் கீழே இரண்டு பக்கமும் முந்தின ஊர், அடுத்த ஊர்ப் பெயர்களை எழுதுவார்கள்; அந்த இடம் காலி.

"பாத்தீங்களா சார்? நான் பொய் சொன்னேன். ஆனா அவனுக்குத் தெரிஞ்சிருக்கு. இனிமே போக ஊர் இல்லன்னு தெரிஞ்சுதான் வெறுமனே விட்டிருக்கான். எனக்காகத் தெரியாத மாதிரி நடிச்சிருக்கான். என் புள்ள ஏமாந்து போகல சார். அந்த ஒரு நெனப்புலதான் எனக்கு ராத்திரி தூக்கம் வருது."

எல்லாப் பையன்களும் அந்த இடத்தைக் காலியாகத்தான் விடுவார்கள். எந்தப் பலகைக்குப் பக்கத்தில் எது என்று சீட்டுக் குலுக்கிய பிறகுதான் பக்கத்து ஊரை எழுதுவார்கள். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஆமாம்மா" என்றேன். பாவி நான்.

சீட்டுக் குலுக்கும் நாளில் அவரை வரவேண்டாம் என்றாவது சொல்லியிருக்கலாம். அந்தப் புத்தியும் இல்லை. மன்றத் தலைவன் கஜிதானி தகர டப்பாவை அவரிடம் நீட்டினான்.

"யசுநோரி சீட்டை நீங்க எடுங்கம்மா. எடுத்தாத்தான் பக்கத்து ஊர் பேரெல்லாம் எழுத முடியும்."

அவர் திரும்பி மற்ற பலகைகளைப் பார்த்தார். ஏழு பலகை, ஏழிலும் காலி இடம். கஜிதானி வெள்ளந்தியாகப் பேசிக்கொண்டே போனான்.

"ஆகஸ்ட்ல பாக்கப் போனப்பவே கண்டிப்பா சொல்லிட்டான்மா. போன வருஷம் அவனுக்குக் கதவோரம் விழுந்துச்சு, வர்றவன் போறவனெல்லாம் இடிச்சான். இந்தத் தடவை என் சீட்டை நானே வந்து எடுப்பேன், எவனும் தொடக்கூடாதுன்னான்."

டப்பாவுக்குள் போன கை அப்படியே நின்றது.

"வந்து எடுக்கறேன்னானா?"

"ஆமாம்மா."

"அப்ப அவனுக்கு ஒண்ணுமே தெரியாதா?"

கஜிதானி என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அந்த அம்மாள் சீட்டை எடுத்தார். நாலாம் எண். ஜன்னலோரம், எல்லாரும் ஆசைப்படும் இடம். கஜிதானி மெல்லிய தூரிகையால் இரண்டு பக்கமும் ஊர்ப் பெயரை எழுதினான். ஐயோ, அந்த நேரம் பார்த்துப் பையன்கள் கைதட்டித் தொலைத்தார்கள்.

கலைவிழா அன்று ரயில் ஒழுங்காக ஓடியது. சின்னப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்த்தார்கள். ஒவ்வொரு சுற்றிலும் 'சலவைக்கடை வாசல்' ஸ்டேஷனில் நின்று போயிற்று. சதாயே அம்மாள் ஜன்னலருகே நின்றவர்தான், சாயங்காலம் வரை உட்காரவில்லை.

விழா முடிந்து பலகைகளைப் பிரித்தோம். அடுத்த வருஷத்துக்காகப் பக்கத்து ஊர்ப் பெயர்களைப் பையன்கள் துடைத்தார்கள். தன் பிள்ளையின் பலகையை மட்டும் அவர் தொட விடவில்லை.

"சார், அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்ல?"

தலையாட்டினேன்.

"சொல்லியிருக்கலாமே."

"மனசு வரலம்மா."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் பலகையைக் கோட்டு உறைக்குள் வைத்து, கீழ் முனையை நிதானமாக முடிச்சுப் போட்டார்.

"எனக்கும் வரலையே சார். அவன் கேட்டான். வேற எதுவும் இல்லையேம்மான்னு ரெண்டு தடவை கேட்டான். ஈரலைத் தின்னுடான்னேன். நம்பித் தின்னான்."