வால் மட்டும் தெரிகிற விளக்கு

விளக்குக் கடையின் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, உள்ளங்கையைப் புருவத்துக்கு மேல் தாழ்வாரம் போல் வைத்துக்கொண்டு, தையலக்கா ஒவ்வொரு சரவிளக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றைப் பார்த்து முடித்ததும் எழுந்திருப்பதில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே நகர்ந்து அடுத்ததன் எதிரே போவார். நான் துடைத்துக்கொண்டிருந்த இடத்தைத் தாண்டியபோது, "நீ ஒதுங்கிக்க கண்ணு, இந்தப் பக்கம் என் புடவையே துடைச்சிடும்" என்றார்.

கடைக்காரருக்கு மனம் கேட்கவில்லை. "நாற்காலி போடச் சொல்லட்டுமாம்மா?"

"வேண்டாம்ண்ணே. நாற்காலி உயரம். எங்க வீட்டுக் கட்டில் இவ்வளவுதான்." கையைத் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குத் தூக்கிக் காட்டினார். கட்டிலுக்கும் விளக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கடைக்காரருக்குக் கூச்சம். எனக்கு அதைவிட.

அக்காவின் கழுத்தில் தாலி இருக்கிறதோ இல்லையோ, அளவு நாடா இருக்கும். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டே பேசுவார். சொல்லும் சிதறாது, ஊசியும் சிதறாது. அளவெடுக்கக் கூச்சப்படுகிற பெண்களைத் தொடவே மாட்டார். தள்ளி நின்று ஒரு பார்வை பார்த்து அளவு சொல்லிவிடுவார், சரியாகவும் இருக்கும். அந்தப் பார்வை விளக்குகளையும் விடவில்லை. "இதுக்கு இடுப்பு பெருசு, கழுத்தே இல்ல." "இது ஒல்லிப்பிச்சான், காத்தடிச்சா ஆடும்." கடையிலேயே விலை கூடிய விளக்கைப் பார்த்து, "சம்பந்தியம்மா மாதிரி இருக்கிறதெல்லாம் மாட்டிக்கிட்டு நிக்குது" என்றார். இடையில் கடைக்காரர் பக்கம் திரும்பி, "உங்களுக்கு இடது தோள் கொஞ்சம் இறக்கம்ண்ணே. சட்டை தச்சவன் கவனிக்கல" என்றார். அதற்கப்புறம் கடைக்காரர் அன்று முழுக்க இடது தோளைத் தூக்கிக்கொண்டே வியாபாரம் பார்த்தார்.

கடைசியில் பிடித்தது, யாரும் வாங்காமல் மூலையில் கிடந்த ஒரு விளக்கு. அதன் மேல்வளையத்தைச் சுற்றிக் கண்ணாடிப் பறவைகள் உட்கார்ந்திருக்கும். அவற்றின் நீண்ட வால்கள் கீழே தொங்கும். அக்கா கையை வைத்து மேல்பாதியை மறைத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "என்னமோ வாலு தொங்குது, என்னன்னே புரியல. இதான் வேணும்."

"எல்லாரும் நல்லாத் தெரியிற விளக்குதான் கேப்பாங்க" என்றார் கடைக்காரர்.

"கேக்கட்டும்ண்ணே."

விளக்கை மாட்டக் கடை வயர்மேன் அக்கா வீட்டுக்குப் போனார். அவர் விரல்கள் தடித்தவை; கண்ணாடி வால்களைக் கோக்க நானும் போனேன். சின்ன ஹால். அதை ஒட்டிய அறையில் கட்டில். கட்டிலில் அக்காவின் வீட்டுக்காரர், லாரி ஓட்டியவர். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. நடப்பதற்கு வாங்கிய நாலுகால் கம்பி கட்டிலருகே நின்றது. அதில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

அடுப்படியில் அக்கா குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எலும்பு கூடிடுச்சாம். இப்ப நடக்கலேன்னா அப்புறம் கட்டிலோடதான்னு டாக்டர் சொல்லிட்டாரு. இந்த மனுஷன் நாளைக்கு, நாளைக்குங்கிறாரு. நான் கெஞ்சியாச்சு, மக போன்ல அழுதாச்சு. பயம் கண்ணு. வாயைத் திறந்து சொல்ல மாட்டாரு."

ஹால் கூரையில் தையல் சுண்ணக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது. வயர்மேன் ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார். "அம்மா, ஹாலுக்கு நடு அங்க இருக்கு. நீங்க ஓரத்துல போட்டிருக்கீங்க."

"தெரியும் தம்பி. அங்கேயே மாட்டு."

"பாக்கிறவங்க என்னைத் திட்டுவாங்கம்மா."

"திட்டணும்."

விளக்கு கொக்கியில் ஏறி, நாலைந்து வால்களைக் கோத்ததும் அக்கா போய்க் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தார். நானும் அவர் பக்கத்தில் நின்று குனிந்து பார்த்தேன். அறை வாசலின் நிலை விளக்கைச் சரிபாதியாக வெட்டியது; வால்கள் மட்டும் தெரிந்தன. கடையில் புருவத்துக்கு மேல் வைத்த கை எதற்கென்று அப்போதுதான் விளங்கியது.

"அது என்னடி வாலு மாதிரி?" என்றார் வீட்டுக்காரர்.

"விளக்குங்க."

"விளக்குக்கு எதுக்குடி வாலு?"

"மேல பாத்தா தெரியும்."

"மேல எங்க தெரியுது? நிலை மறைக்குது. ஊருக்கெல்லாம் அளவு எடுக்கிற, சொந்த வீட்டுல கோட்டை விட்டுட்டியே!"

அக்கா எழுந்தார். ஹாலுக்கு வந்து என் காதருகே, "மிச்ச வாலையெல்லாம் ஒரே பக்கமா மாட்டு கண்ணு. மறுபக்கம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். மாட்டினேன். விளக்கு மெதுவாக ஒருபக்கம் தணிந்தது.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "சாயுது! டேய் தம்பி, சாயுதுடா!"

லாரி ஓட்டிய நாளில் சரக்கு ஒரு விரற்கடை சாய்ந்தாலும் வண்டியை நிறுத்திக் கயிற்றை அவிழ்த்துக் கட்டியவராம்.

"எந்தப் பக்கங்க?" என்று அக்கா அப்பாவியாகக் கேட்டார்.

"இடது... இல்ல... இங்கேர்ந்து எப்படிடி சொல்றது?"

"அப்ப விடுங்க. அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

"சாஞ்சேவா?"

"யாரு வந்து பாக்கப்போறாங்க?"

அக்கா அளவு நாடாவை விரலில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார். விரல் நுனி வெளுத்துப் போயிருந்தது. ஏணியில் நின்ற வயர்மேன், "நேராக்கிடட்டுமாம்மா?" என்றார். அக்கா தலையை மட்டும் ஆட்டி வேண்டாம் என்றார். கட்டில் முனகியது. துண்டு தரையில் விழுகிற சத்தம். பிறகு கம்பியின் கால்கள் தரையில் ஊன்றுகிற சத்தம், ஒன்று, நீண்ட இடைவெளி, இன்னொன்று. நாங்கள் அறைப் பக்கம் திரும்பப் பார்த்தோம். அக்கா கண்ணாலேயே தடுத்தார்.

"பறவையா!" என்றது அறை வாசலில் வீட்டுக்காரர் குரல்.

வேட்டி மடிப்பெல்லாம் வியர்வை. ஆனால் கண் மேலேதான் இருந்தது. "நான் சொல்லல? இடது பக்கம்தான் சாஞ்சிருக்கு. கண்ணு தெரியாதவங்களா நீங்கல்லாம்? பாரம் ஏத்தத் தெரியாத பசங்க. அந்த வால எடுத்து இந்தப் பக்கம் மாட்டு பாப்பா."

திட்டிக்கொண்டே ஒரு எட்டு வைத்தார். வயர்மேனுக்குப் பொறுக்கவில்லை. ஏணியிலிருந்து குதித்து, ஒரு நாற்காலியை இழுத்து வந்து அவருக்கு முன்னால் போட்டார்.

அக்கா வீட்டுக்காரரின் பக்கத்தில் போய் நின்றார். ஒரு கை அவர் முதுகுக்குப் பின்னால், தொடாமல், விரிந்து காத்திருந்தது. முகம் அண்ணாந்து பறவைகளைப் பார்த்தது. அவர் நாற்காலியை நெருங்கிய நேரத்தில், புடவைக்குள்ளிருந்து காலை மெல்ல நீட்டி, அதை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.