மூன்றாவது விலைப்புள்ளி

மகளின் லேப்டாப் ஒரு வியாழக்கிழமை காலையில் நின்றுபோனது. திரையில் இரண்டு கோடுகள் வந்தன, பிறகு அவையும் போயின. பழுதுபார்ப்பவர் திறந்து பார்த்துவிட்டு, இதற்குச் செய்கிற செலவில் புதிதே வாங்கிவிடலாம் என்றார். பழுதுபார்ப்பவர்கள் எல்லோரும் சொல்வதுதான். இந்த முறை உண்மை.

அவள் மென்பொருள் எழுதுகிறவள். சென்னைக் கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது விருதுநகருக்குத் திரும்பி வந்தாள். இங்கிருந்தே சொந்தமாக வேலை பிடிக்க ஒரு வருடம் அலைந்து, முதல் முறையாக ஒன்று அமைந்திருந்தது. வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுத் தொழிற்சாலை. எந்தக் குடோனில் எந்தச் சரக்கு எத்தனை பெட்டி, எது லோடு ஏறியது என்று காட்டுகிற மென்பொருள் அவர்களுக்கு வேண்டும். திங்கட்கிழமை நேரில் போய் இயக்கிக் காட்டச் சொல்லியிருந்தார்கள். காட்டாவிட்டால் மதுரைக்காரர் ஒருவர் தயாராக இருந்தார். எழுதியதெல்லாம் இணையத்தில் பத்திரமாக இருந்தது. ஓட்டிக் காட்ட மெஷின்தான் இல்லை.

"ரெண்டே விஷயம்ப்பா. பதினாலு இஞ்சுக்கு மேல வேண்டாம். ரேம் முப்பத்திரண்டு ஜிபி" என்றாள்.

சின்னதாக இருக்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. தொழிற்சாலைக்குள் செல்போன்கூடப் போகக் கூடாது. கேட்டில் வரிசையாக இரும்புப் பெட்டிகள் இருக்கின்றன. அதில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவள் குடோனைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, கேட்டை ஒட்டிய ஆபீஸில் உட்கார்ந்து எழுதிவிட்டு, மறுபடி உள்ளே போவாள். பழைய லேப்டாப் பெட்டிக்குள் அடங்காததால் வாட்ச்மேன் நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள். அவர் அதன்மேல் தூக்குவாளியை வைத்துக்கொண்டார்.

மிச்ச வேலையை முடிக்க அவள் காரியாபட்டியில் சிநேகிதி வீட்டுக் கம்ப்யூட்டரைத் தேடிப் போனாள். வாங்குகிற பொறுப்பை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அரசு அலுவலகப் பணிக்காலத்தில் பாதியைக் கொள்முதல் பிரிவில் கழித்தவன். குண்டூசி வாங்கவும் மூன்று விலைப்புள்ளி, ஒரு ஒப்பீட்டுப் பட்டியல், பிறகுதான் ஆணை. மூன்றையும் ஒரே கடைக்காரர் மூன்று லெட்டர்பேடில் கொண்டுவருவார் என்பது எனக்கும் தெரியும், தணிக்கைக்கு வருகிறவருக்கும் தெரியும். கையெழுத்து மூன்று விதமாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம்.

பஜாரில் எனக்குப் பழக்கமான பாய் கடையில் அவள் கேட்டது அப்படியே இருந்தது. கையில் எடுத்தால் டைரி கனம்.

"ஒரு கொட்டேஷன் எழுதிக் குடுங்க பாய்."

"வீட்டுக்குத்தானே சார்?"

"ஆமா. இன்னும் ரெண்டு இடத்துல வாங்கணும்."

பாய் சிரித்தார். "இந்த வெயில்ல எதுக்கு அலையுறீக? மூணையும் நானே போட்டுத் தாரேன். மச்சான் கடை லெட்டர்பேடு இங்கன இருக்கு. இன்னொண்ணு சிவகாசில சொன்னா அரை மணி நேரத்துல அடிச்சுக் குடுத்துருவாக."

ஆயிரம் தடவை கண்ணை மூடிக்கொண்ட எனக்கு அன்றைக்கு நேர்மை வந்தது. சொந்தப் பணம் என்றால் வரும். முடியாது என்றேன்.

"அப்ப சீக்கிரம் வாங்க சார். ஒரு பீஸ்தான் கெடக்கு."

கடைக்காரர்கள் வழக்கமாகச் சொல்வது என்று எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சிவகாசியில் இரண்டாவது கிடைத்தது. மூன்றாவதற்குச் சனிக்கிழமை மதுரைக்குப் போனேன். அங்கே அந்த மாடலே இல்லை. "விருதுநகர்லயே இருக்குன்னு சொல்றீங்க, அங்கயே வாங்கலாமே?" என்றார் கடைக்காரர். 'கையிருப்பில் இல்லை' என்பதையாவது எழுதி முத்திரை வைத்துக் கொடுங்கள் என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஒப்பீட்டுப் பட்டியலை முடித்தேன்.

மாலையில் மகளும் காரியாபட்டியிலிருந்து நேரே பாய் கடைக்கு வந்துவிட்டாள். பீஸ் காலையிலேயே போயிருந்தது. காலண்டர் டிசைன் செய்கிற ஒருவர் வாங்கிப் போய்விட்டாராம். அடுத்தது வர பத்து நாளாகும்.

"சொன்னேன்ல சார்" என்றார் பாய். இம்முறை சிரிக்கவில்லை.

மகள் என் பட்டியலை வாங்கி முழுக்கப் படித்தாள். "கோடெல்லாம் நேரா போட்டிருக்கீகப்பா" என்றாள்.

கடையில் மிஞ்சியது இரண்டு. கேட்ட ரேம் உள்ளது பதினாறு இஞ்ச். கேட்ட அளவில் உள்ளதில் ரேம் பாதிதான். மதர்போர்டோடு ஒட்டியே வருவது, பிறகு கூட்ட முடியாது. பெரியதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். "இத வாங்குனா மறுபடி வாட்ச்மேன் நாற்காலிதான்." கீழே வைத்துவிட்டு, சின்னதை எடுத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுதும் எதை நிறுத்தினால் எது ஓடும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும்.

திங்கட்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். கேட் ஆபீஸில் மேனேஜர் எதிரே திறந்து வைத்தாள். ஒரு குடோனின் இருப்பைக் கேட்டார், வந்தது. போன வாரம் ஏறிய லோடுகளைக் கேட்டார். திரையில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றிக்கொண்டே இருந்தது. நான் சுவரில் தொங்கிய பாதுகாப்பு விதிகளைப் படித்தேன். பதினோராவது விதிக்கு வந்தபோதும் சுற்றிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, நின்னுபோச்சா?"

"இல்ல சார். இந்த மெஷினுக்கு ரேம் கம்மி. வந்துரும்."

"வரட்டும், வரட்டும். எங்க கணக்கப்பிள்ளைகிட்ட கேட்டா, போயி எண்ணிட்டு, சாப்பிட்டு, கைகழுவிட்டுத்தான் வந்து சொல்லுவாரு."

அவர் சொல்லி முடித்துச் சற்று நேரத்தில் லோடு விவரம் வந்தது. அவர் பதிவேட்டைத் திறந்து நான்கு இடத்தில் ஒத்துப் பார்த்தார். நான்கும் சரி. இந்தச் சீசனுக்கு இரண்டு குடோன் மட்டும் பாருங்கள், சரியாக வந்தால் மிச்சத்தையும் தருகிறோம் என்றார். மதுரைக்காரரை அப்புறம் வரச் சொல்லிவிடுவதாகவும் சொன்னார்.

பஸ்ஸில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. "அந்த ஒரு நிமிஷத்த அவரு பெருசா எடுத்துக்கலையே" என்றேன்.

"அவருக்கு ஒரு தடவைப்பா. எனக்கு ஒரு நாளைக்கு அம்பது தடவை."

கோபமாகச் சொல்லவில்லை; கணக்கைத்தான் சொன்னாள். பிறகு லேப்டாப்பை மடியில் வைத்துத் திறந்து, இரண்டாவது குடோனுக்கான வேலையை ஆரம்பித்தாள். வட்டம் சுற்றும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். நானும் பார்த்தேன்.