கோயிலடியில் நட்ட காற்றாடி

காற்றிலேயே இந்த நாட்டை ஓட்டலாம் என்று யாராவது மேடையில் பேசினால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வரும். காற்று இருக்கிறது, யார் இல்லையென்றது? அதை எங்கே வைத்துப் பிடிப்பது என்று கேட்டால்தான் எங்கள் ஆட்கள் மூளையை அடகு வைத்துவிடுகிறார்கள்.

சுனாமியில் செட்டிபாளையத்து வீடு போனபின், அம்மாவும் நானும் வாவியைக் கடந்து, பழுகாமத்துக்கும் அப்பால் ஓர் ஊரில் அம்மாவின் தம்பி வீட்டில் ஒதுங்கினோம். மாமா அந்த ஊர்க் கண்ணகை அம்மன் கோயிலின் வண்ணக்கர். கோயில் நிர்வாகம் முழுக்க அவர் கையில். ஊரில் மின்சாரம் இல்லை. அம்மாவுக்கு இழுப்பு, கடல்நீர் குடித்துத் தப்பிய நாளிலிருந்து அது இன்னும் மோசம். மருந்தைப் புகையாக்கி மூச்சில் ஏற்றும் சிறிய இயந்திரம் ஒன்று டிஸ்பென்சரியில் சும்மா கிடந்தது. செருகத்தான் இடமில்லை.

அடுத்த மாரியில் ஓர் உதவி நிறுவனம் டிஸ்பென்சரிக்கென்றே மின்சாரம் தரும் காற்றாடி ஒன்றைக் கொண்டு வந்தது. உயரமான கம்பம், மூன்று இறக்கை, பற்றரிகள். ஊர்க்கூட்டத்தில் மாமா எழும்பினார்.

“கண்ணகை அம்மாள்ர வருசச் சடங்குக்கு வெளிச்சம் வேணும். கோயிலடியில நடுங்க. மறுகா டிஸ்பென்சரிக்கு வயர் இழுக்கலாம்.”

கோயிலுக்கு மேற்கே ஆலமரமும் புளியமரங்களும் சுவராக நின்றன.

“சடங்கு வைகாசியில. அப்ப கச்சான் காத்து மேற்கால வட்டைப் பக்கமிருந்துதானே மாமா வரும்? மரம் மறைச்சிரும்” என்றேன்.

நெல் தூற்றுவதற்கு மரத்துக்குப் பின்னால் களம் போடுகிற மடையன் ஒருவனும் அந்த ஊரில் இல்லை. மரங்களைத் தாண்டினால் மேற்கே வட்டை, வயல்வெளி, திறந்து கிடந்தது. ஆனால் அம்மாள் பெயரைச் சொன்னதும் எல்லோரும் தலையாட்டினார்கள். வெளியூர்ப் பொறியியலாளரோ, வாவியிலிருந்து வந்த மாரிக்கால வாடைக்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு, “நல்ல இடம்” என்றார்.

டிஸ்பென்சரிக்கும் வயர் இழுத்தார்கள்; வாடை ஓயும்வரை காற்றாடி நன்றாகத்தான் சுழன்றது. அம்மா டிஸ்பென்சரிக்குப் போய் மருந்துப் புகையை இழுத்துவிட்டு, வழியெல்லாம் கதைத்துச் சிரித்தபடி திரும்பி வருவார்.

வைகாசியில் கச்சான் புழுதியை அள்ளிக்கொண்டு வந்தது. அம்மாவுக்கு இழுப்புக் கூடியது, காற்றாடி அசையவில்லை. கிளைகளையாவது வெட்டச் சொன்னேன். அம்மாள் மரத்தில் கத்தி வைக்க யாருக்குத் துணிவு! சடங்குக்கோ வாடகை ஜெனரேட்டர் வந்துவிட்டது. விளக்கும் ஒலிபெருக்கியும் அதில்தான் ஓடின. பிறகெதற்குக் கோயிலடியில் காற்றாடி?

சடங்கின் கடைசி நாள் பின்னேரம் அம்மாவின் உதடு நீலமாகிவிட்டது. சைக்கிளில் இருத்தி நேரே கோயிலுக்கு உருட்டிப் போனேன். வழியில் நான் போட்ட சத்தத்தில் டிஸ்பென்சரித் தாதி இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். ஒலிபெருக்கி வயரைப் பிடுங்கிப்போட்டு அதைச் செருகினேன்.

“அம்மாள்ர பாட்டை நிப்பாட்டிப்போட்டியே புள்ள!” மாமா பாய்ந்து வந்தார்.

“உங்கட அக்கா சாகப்போறா மாமா. பாருங்க!”

பார்த்தார். அம்மாவின் மூச்சு சீராகும்வரை அங்கே பாட்டு இல்லை.

அதற்குப் பிறகும் கம்பத்தை மாற்றவில்லை. சண்டை மறுபடி மூண்டு ஊரே இடம்பெயர்ந்தது. திரும்பி வந்தபோது காற்றாடி அதே மரங்களுக்குப் பின்னால் நின்றது. அடுத்த கச்சானில் இழுப்பு முற்றி, ஆஸ்பத்திரிக்குப் போக வாவியைக் கடக்கப் படகு வருவதற்குள், அம்மா போய்விட்டார்.

யுத்தம் முடிந்ததும் அதிகாரிகள் வந்து கூட்டம் வைத்தார்கள். நாட்டின் காற்று வளத்தைப் பற்றி நீளமாகப் பேசினார்கள். ஊருக்குப் புதிதாக ஒரு காற்றாடி தரலாம், எங்கே நடுவது என்று கேட்டார்கள்.

“கோயிலடியில...” என்று தொடங்கினார் மாமா.

அவரை முடிக்கவிடாமல் எழும்பினேன்.

“கச்சான் எங்க இருந்து வருகுது மாமா? எல்லாருக்கும் சொல்லுங்க.”

அவர் கை மெல்ல உயர்ந்து மேற்கே வயலைக் காட்டியது. கண் கலங்கியிருந்தது. எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. அந்தக் கையை அம்மா இருக்கும்போதே உயர்த்தியிருக்கக் கூடாதா?